அசையாத முள்

தீவுக்குப் போகும் பயணக் கப்பலின் ஆட்டத்தை ஒருவர் அடக்கிவிட்டார் என்ற செய்தி பரவியதும் துறைமுகத்தில் நிற்க இடமில்லை. அவருக்கு அலையடக்கியார் என்று பெயரே வைத்துவிட்டார்கள். கடலைப் பார்த்து மூன்று முறை ஊதுவார். கப்பலின் சாய்வைக் காட்டும் கருவியின் முள்ளுக்கு மந்திரித்த தைலம் தடவுவார். கப்பல் கிளம்புமுன் இறங்கிவிடுவார். அவ்வளவுதான். முன்பெல்லாம் இருபது டிகிரி ஆடிய முள் இப்போது இரண்டைத் தாண்டுவதில்லை.

பயணிகள் மட்டும் பழையபடி வாந்தி எடுத்தார்கள்.

"முள்ளு அசையலையே, எனக்கு ஏங்க குமட்டுது?"

"உங்களுக்கு நம்பிக்கை பத்தாது," என்று சொன்ன பக்கத்து இருக்கை அம்மாள், தானும் பைக்குள் தலையை விட்டார்.

கப்பலின் அடியில் இருபுறமும் நீளத் தகடுகள் உண்டு. ஆட்டத்தைக் குறைப்பவை அவைதாம். இடப்பக்கத் தகடு பாதி பிய்ந்துவிட்டது. அதைப் பற்றவைக்க வந்த வெல்டரைக் கப்பல் முதலாளி திருப்பி அனுப்பப் பார்த்தார். வெல்டர் அவர் மனைவியின் அண்ணன்.

"தகடெல்லாம் எதுக்கு மச்சான்? அதான் சாமி இருக்காரே!"

"மாப்ளே, நாளைக்குக் காத்து பலமா இருக்குமாம். என் தங்கச்சி புள்ளைங்களோட இதுலதான் போறா."

"அவ என் பொண்டாட்டி. எனக்கு அக்கறை இல்லையா? முள்ளைப் பாருங்க!"

"பார்ப்போம். இப்பவே ஒரு சுத்து போயிட்டு வருவோம். சாமியும் வரட்டும்."

அலையடக்கியாருக்குத் திடீரென்று அவசர வேலை வந்தது. கூட்டம் விடவில்லை, தோளில் தூக்கியே கப்பலில் ஏற்றியது. பக்திக்கு இப்படியும் ஒரு பயன்.

கரை தாண்டியதும் கப்பல் இருபுறமும் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. முள் தியானத்தில் இருந்தது. வெல்டர் ஒரு முழ நூலில் இரும்பு நட்டைக் கட்டி, முள்ளுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். நட்டு இப்படியும் அப்படியும் வீசி ஆடியது.

"நட்டுக்கும் நம்பிக்கை பத்தாது போல."

பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் முள்ளின் அச்சைத் துடைத்தார். தைலம் பிசினாக இழுத்துக்கொண்டு வந்தது. விடுபட்ட முள் ஒரே துள்ளலில் இருபத்திரண்டுக்குப் போனது.

"சாமி, என்ன இது?" என்றார் முதலாளி.

சாமியோ ஓரக் கம்பியைக் கட்டிக்கொண்டு கடலுக்குக் காணிக்கை செலுத்திக்கொண்டிருந்தார்.

முதலாளியின் குரல் இறங்கியது. "மச்சான், தகட்டை எப்ப பத்தவைப்பீங்க?"

"கப்பலைத் தண்ணியிலருந்து கரையேத்துங்க, அன்னைக்கே. அதுவரைக்கும் தங்கச்சி வீட்லயே இருக்கட்டும்."

இறங்கும்போது கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தார்: "தைலம் பழசாப் போச்சு போல."

அய்யா, கடலே உங்கள் வயிற்றைப் பிசைந்து உண்மையைச் சொன்னது. நீங்களோ ஒட்டிக்கிடந்த முள்ளை நம்பினீர்கள். முள்ளில் இருந்த பிசினை வெல்டர் துடைத்துவிட்டார். மூளையில் இருப்பதை அவரவர்தான் துடைக்க வேண்டும்.