மூடிய கதவுக்கு வெளியே கேட்ட கரகரப்பு

ஒலி தோன்றுமுன் மௌனமாய் இருந்து, ஒலி அடங்கியபின்னும் எஞ்சி நிற்கும் பரம்பொருளின் தாள் பணிந்து தொடங்குகிறேன்.

அன்பிற்கினிய மகளுக்குத் தந்தை எழுதுவது. இங்கு நான் நலம். நீயும் மருமகனும் நலமுற்றிருக்க வேண்டுகிறேன். உன்னிடம் கேட்பது ஒன்றே: நீ கித்தாரோடு விட்டுச்சென்ற ஆம்ப்ளிஃபயரின் குமிழ்களை எந்தெந்த எண்ணில் வைப்பாய் என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதியனுப்பு. இதற்காகப் பயணம் செய்து வர வேண்டாம்.

மாலை ஆறு மணிக்கு உன் அறையிலிருந்து எழுந்த அந்தக் கரகரத்த ஓசையை, "குறைச்சு வை" என்று பத்தாண்டுகள் கதவைத் தட்டிக் கண்டித்தவன் நான். நீ மணமாகிச் சென்றபின் ஆறு மணி மிக நீண்ட பொழுதாகிவிட்டது. துதிப்பாடல் ஓதினால் என் குரலே சுவரில் மோதி எனக்கு மறுமொழி சொல்கிறது. ஆகவே அந்த ஓசையை நானே உண்டாக்கத் துணிந்தேன். விசையைத் தட்டியதும் பின்புறத்துக் கண்ணாடி வால்வுகள் செம்பொன்னாய் ஒளிர்ந்தன. கைகூப்பி அமர்ந்து, நீண்ட துதியொன்றை இருமுறை ஓதி முடித்தும் ஒலி எழவில்லை. வானொலி பழுதுபார்ப்பவரை அழைத்தேன். அவர் இன்னொரு விசையைத் தட்டி, "ஸ்டாண்ட்பையில இருக்கு ஐயா. நீங்க கும்பிட்டா அதுவும் கும்பிட்டுக்கிட்டே இருக்கும்" என்றார். கரகரப்புக்கும் அவரே வழி சொன்னார்: "கெயினைக் கூட்டுங்க, மாஸ்டரைக் குறைங்க. உள்ளுக்குள்ள கத்தணும், வெளிய ரொம்பக் கேக்கக் கூடாது." அந்தக் கலையில் எனக்கு நெடுநாள் பயிற்சி உண்டென்று அவரிடம் சொல்லவில்லை.

ஓசை எழுந்தது, உன்னுடையது அன்று. ட்ரெபிளைக் கூட்டினால் தகரத்தைக் கீறியது, பாஸைக் கூட்டினால் பாத்திர அலமாரி நடுங்கியது. அப்போதுதான் உறைத்தது: உன் வாசிப்பை அறைக்குள் இருந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. மூடிய கதவுக்கு வெளியே நின்றே கேட்டிருக்கிறேன். எனவே கித்தார்த் தந்தியைச் சுண்டிவிட்டு, வலிக்கும் முழங்காலோடு வெளியே ஓடிக் கதவைச் சாத்தினேன். அதற்குள் தந்தி அடங்கிவிட்டது. ஏழு முறை ஓடினேன். எட்டாவது முறை, கீழ்வீட்டுப் பல் மருத்துவர் அம்மையார் வாசலில் நின்று, "சார், கொஞ்சம் குறைச்சு வைங்க. நான்தான் யாரையோ துளைக்கிறேன்னு பேஷண்ட் எல்லாம் எழுந்து போறாங்க" என்றார். நான் வெட்கத்தை விட்டு, "அம்மா, நீங்க உள்ள போய்த் தந்தியை ஒரு தடவை தட்டுங்க, நான் வெளிய நிக்கிறேன்" என்றேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்தார். பின் உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டார்.

"இதுவா சார்?"

"இல்லம்மா."

"இது?"

"கிட்ட வந்துருச்சு. ஆனா அவ தட்டுறப்ப என் மேல ஒரு கோபம் இருக்கும்."

"எனக்கும் இருக்கு சார்" என்றவர், மேலும் அரைமணி நேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

ஆகவே எண்களை மட்டும் தெரிவி. மற்றபடி எனக்கு யாதொரு குறையும் இல்லை. நீங்கள் இருவரும், இம்மடலைக் காண்போர் அனைவரும், அவர்தம் இல்லங்களும் பேச்சும் சிரிப்பும் குன்றாது வாழ்க.

இங்ஙனம்,
உன் தந்தை

பி.கு.: எண்களை எழுத வேண்டாம். ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் உன் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது; முதல் நாளே பார்த்துவிட்டேன். அதன்படியே வைத்தும் உன் ஓசை வரவில்லை. நீ வா.