யுத்தம் கடையில் விழுந்த மாலை

காஞ்சிபுரத்தில் எத்தனையோ பேர் கடை திறந்திருக்கிறார்கள். உள்ளே வந்த ஆளைத் துரத்துவதற்கென்றே கடை திறந்தவர் யுத்தம் ஒருவர்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி வியாபாரம் தெரியாத ஜென்மத்தை நான் பார்த்ததே இல்லை.

பிள்ளையார்பாளையத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த அறை அவருடையது. நடுவில் ஒரு பாதிப் பலகைத் தடுப்பு, அவ்வளவுதான். ஊரெல்லாம் பட்டுப் புடவை விற்க, இந்த மனிதர் விற்றது கார்ட்டூன். உலக யுத்தம் நடந்தபோது வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் தலைவர்களைக் கிழிகிழியென்று கிழித்து வரைந்த படங்கள். அவற்றைத் தேடிப் பிடித்து, கெட்டித் தாளில் பிரிண்ட் போட்டு, கண்ணாடி ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார். குட்டி மீசைக்காரர் ஒருவர், சுருட்டுக்காரர் ஒருவர், பால்கனியில் தாடையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் மொட்டைத்தலை ஒருவர். சுவர் முழுக்க இதே மூஞ்சிகள். அதனால் தெருவே அவரை யுத்தம் என்றது. சொந்தப் பெயரை யார் கேட்டார்கள்?

ஒருநாள் தென்னேரியிலிருந்து புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள்.

"புது வீடு கட்டிக்கிறோம்பா. ஹால்ல மாட்ற மாதிரி நல்ல படமா ஒண்ணு குடு."

மூன்று தலைவர்கள் உலக உருண்டையைத் தர்பூசணி மாதிரி கூறு போடும் படத்தை எடுத்து நீட்டினார்.

"இவங்கல்லாம் யாருப்பா?"

"கொலகாரனுங்க."

அந்தம்மா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படியிறங்கினார்.

சரி, பிடித்துப்போய் வாங்க வருகிறவருக்காவது விற்பாரா? மாட்டார். சிரிக்காதவருக்குப் படம் கிடையாது. ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "வரலாற்றுச் சிறப்புமிக்க ஓவியம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். யுத்தம் படத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"சார், ஊர எரிச்சவனுங்க இவனுங்க. பாத்து சிரிக்கணும். நீங்க கைகட்டி நின்னீங்கன்னா நாளைக்கு இன்னொருத்தன் கெளம்பி வருவான். போய்ட்டு வாங்க."

பெரிய மேதாவி என்ற நினைப்பு! என்னையும் விட்டுவைத்ததில்லை. "யோவ் ஜெராக்ஸ், பொறந்ததுலருந்து சொந்தமா ஒரு கோடு போட்டுக்கீறியா நீ?" என்று வாடிக்கையாளர் எதிரிலேயே கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதில் ஒரு வில்லங்கம். அந்த மொட்டைத்தலைப் படம் எங்கள் கட்டட முதலாளியை அப்படியே உரித்து வைத்திருந்தது. அதே தாடை, அதே தொந்தி. முதலாளிக்குப் பட்டு ஜவுளிக் கடை, வியாபாரிகள் சங்கத் தலைவர் பதவி வேறு. ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வரும் தறிக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாபா, மொதலாளி பால்கனில நின்னுக்கினு கீறாரு?" என்று வாய்பொத்திச் சிரிப்பார்கள்.

"அத உள்ள வைங்கண்ணா. காலி பண்ண சொல்லிட்டாருன்னா எங்க போவீங்க?" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். ஊரெல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் அவருக்குக் கிடைத்த அறை அது. இந்த மூஞ்சிகளுக்கு வேறு எவன் இடம் கொடுப்பான்?

"அவரு பொறக்கறதுக்கு மின்னயே வரைஞ்ச படம்யா இது. அதே மூஞ்சியோட அவர யாரு பொறக்க சொன்னா?" என்றார்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு மட்டும் முதலாளி மனைவியோடு ஒவ்வொரு கடையாக வந்து பொரி வாங்கிக்கொள்வது வழக்கம். யுத்தத்துக்குப் பூஜை புனஸ்காரமெல்லாம் ஆகாது. "கடைய பாத்துக்க" என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் மெஷினுக்கு, கம்ப்யூட்டருக்கு, சாமி படங்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தேன். கை அதே வேகத்தில் தடுப்பைத் தாண்டிவிட்டது. சுவரில் கண்ணாடி போட்ட படம் எது இருந்தாலும் பொட்டு வைத்தே பழகிய கை. மீசைக்கு ஒரு பொட்டு, சுருட்டுக்கு ஒரு பொட்டு. ஒரு சாமந்தி மாலை மிச்சமிருந்தது. இருப்பதிலேயே பெரிய படத்துக்குப் போட்டேன். மொட்டைத்தலை! மனுஷர் படத்தில் பொட்டும் மாலையும் ஏறினால் அவர் செத்துப்போனவர் என்று அர்த்தம். அது அந்த நேரத்தில் என் மரமண்டையில் ஏறவே இல்லை.

முதலாளி வந்தார். பின்னாலேயே யுத்தமும் வந்து சேர்ந்தார். முதலாளியின் மனைவிதான் முதலில் பார்த்தார்.

"ஐயையோ! உங்களுக்கு மாலை போட்டு வெச்சிக்கிறானுங்களே!"

அந்தம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ, உயிரோடு நின்ற முதலாளி வாயில் போட்ட பொரியை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். தெருவே கூடிவிட்டது.

"எவன்டா இத போட்டது?" என்று கத்தினார் முதலாளி.

என் கையில் சந்தனக் கிண்ணம். யுத்தம் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார்.

"ரெண்டு நாள்ல காலி பண்ணிடு."

"சரி."

நான் கிண்ணத்தோடு என் கடைக்குள் நுழைந்துகொண்டேன். இரண்டாம் நாள் காலை, குட்டி யானை வண்டியில் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன்.

"ஏண்ணா என்ன காட்டிக் குடுக்கல?"

"உன்ன தொரத்திட்டா நீ எங்கய்யா போவ? உனக்கு வேற இன்னா தெரியும்?"

போகிற நேரத்திலும் திமிரைப் பாருங்கள். வண்டி போனதும் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

முதலாளி அவர்களே, உங்கள் கடைக்கு இந்தப் பத்திரிகை வாரம் தவறாமல் வருவது எனக்குத் தெரியும். அந்த மாலையைப் போட்டவன் நான். என்னையும் காலி செய்யச் சொன்னால் தாராளமாகச் சொல்லுங்கள். தாமல் ஊரில் யுத்தம் இப்போது கடை போட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்து அறை காலிதானாம். விசாரித்து வைத்திருக்கிறேன்.