எதிலும் கரி காண்பவர்

இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் கரிப்பித்தர். எங்கள் செகெட் நகரத்து ஆய்வுக்கூடங்களில் மாடிக்கு ஒருவராவது தேறுவார். கரியை, அதாவது கார்பனை, ஓர் அணு கனத்துக்கு விரித்தால் கிராபீன், அதையே சுருட்டினால் நானோகுழாய், பந்தாக மூடினால் ஃபுல்லரீன் என்பதெல்லாம் அவருக்கு வேதியியல் அல்ல, காலை வணக்கம். எஃகைவிட உறுதி, இறகைவிட லேசு, செம்பைப்போல மின்சாரம் கடத்தும் என்று ஆரம்பித்தாரானால், பேட்டரி, சிமெண்ட், படகு, பெயிண்ட் என்று ஊர்வலம் போய், உங்கள் கையிலிருக்கும் மீன் சூப் ஆறிய பிறகுதான் நிறுத்துவார். கடைக்கு எப்போது வரும்? "இன்னும் அஞ்சே வருஷம்!" நான் வேலைக்குச் சேர்ந்த அன்றும் அதே அஞ்சுதான்.

எங்கள் மாடியின் கரிப்பித்தர் பேராசிரியர் ஜொம்போர். அவரிடம் முனைவர் பட்டத்துக்கு உழைப்பவள் போக்லார்கா. அவள் வளர்த்த நானோகுழாய்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர் துள்ளிக் குதித்தார். குழாய்களுக்கு நடுவே குமிழ் குமிழாக ஏதோ ஒரு பரப்பு!

"ஏம்மா, யாருமே பாக்காத புதுக் கரிம்மா இது! ஆய்வேட்டுல முதல் படமே இதுதான்."

"சார், மாதிரிய ஒட்டுற நாடாவும் இப்படித்தான் சார் தெரியும்..."

"எனக்கா நாடா தெரியாது? போட்டுடு!"

நுண்ணோக்கிக்குள் மாதிரியை ஒட்டும் பசைநாடாவும் கரியால் ஆனதுதான். கரிமேல் கரியை ஒட்டிவிட்டுக் கரியைத் தேடுவது எங்கள் தொழிலுக்கே உரிய கூத்து. ஆனால் தேர்வாளர்கள் முன்னால் நின்று பட்டத்தைப் பறிகொடுக்கப் போவது அவர் அல்ல, அவள். பாவம், சரியாகச் சாப்பிடவே இல்லை.

அந்த வாரம் அவளுடைய பெயர்நாள்; எங்கள் நாள்காட்டியில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நாள் உண்டு, அது இன்னொரு பிறந்தநாள் மாதிரி. கொண்டாடுபவர்தான் மற்றவர்களுக்குத் தின்பண்டம் கொண்டுவர வேண்டும். வெண்ணெய் மணக்கும் போகாச்சா ரொட்டிகளை எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டு, நுண்ணோக்கியில் எதையோ வைத்தாள்.

"சார், இத கொஞ்சம் பாருங்க."

"அடடா! போன தடவையவிடப் பிரமாதம்! எப்படிம்மா வளத்த?"

"வளக்கல சார், கடையில வாங்கினேன். நாடா மட்டும்தான் வச்சிருக்கேன்."

பேராசிரியர் திரைக்கருகே குனிந்து மறுபடி பார்த்தார். "அந்தப் படத்த எடுத்துடும்மா" என்றார். கதவுவரை போய்த் திரும்பினார். "ஆனாலும், இந்த நாடாவ எப்படித்தான் செய்றாங்கன்னு ஒருநாள் விசாரிக்கணும்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நெடுநாளாக நீங்கள் அடித்துச் சொல்லிவந்த ஒரு விஷயத்துக்கு, அண்மையில் அருமையான ஆதாரம் ஒன்று கிடைத்ததல்லவா? அதை அங்கே ஒட்டி வைத்தது யார் என்று மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.