செத்துக் கிடந்த சனிக்கிழமை

அன்று எங்கள் முற்றத்தில் இருந்தவர்கள்: நான், என் மனைவி எல்பிதியா, பக்கத்து வீட்டுத் தொமித்தீலா, ஒரு நாய், பதினொரு கோழிகள், எல்பிதியாவின் பயணப்பெட்டி. பெட்டியையும் ஆளாகவே எண்ணினேன். அன்று எனக்கு எதிரி அதுதான்.

மொந்தெர்ரே நகரத்தில் எங்கள் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மத்தியானப் பேருந்தில் எல்பிதியா கிளம்புகிறாள். நானும் போகலாம். ஆனைக்கற்றாழை விடாது. அதன் நடுக்குழியைக் காலையும் மாலையும் சுரண்டிக் கள்ளுக்குச் சாறு எடுக்க வேண்டும். தவறினால் ஊற்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எங்கள் அபான் ஊர்ப் பக்கத்து ஆண்களுக்கெல்லாம் அது இரண்டாவது பெண்டாட்டி. முதலாவதைவிடக் கோபக்காரி.

எல்பிதியாவிடம் "போகாதே" என்று சொல்லியிருக்கலாம். கல்யாணமானதிலிருந்து அப்படி எதையும் சொல்லிப் பழக்கமில்லை. அவள் இல்லாத அடுப்படியை நினைத்தும் பழக்கமில்லை.

வழி காட்டியது நாய். சாறு திருட வந்த த்லாகுவாச்சே ஒன்றை வேலியோரம் மடக்கிவிட்டது. வெளியூரார் ஒப்போசம் என்பார்கள். பூனை அளவு, எலி மூஞ்சி, வயிற்றில் பை. நாய் கவ்வியதும் அது சாய்ந்தது. வாய் பிளந்து, நாக்குத் தொங்கி, போதாததற்கு அழுகிய நாற்றம் வேறு. நாய் முகர்ந்தது, புரட்டியது, சலித்துப்போய் நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் செத்ததன் காது மட்டும் ஆடியது. பிறகு தலை. பைக்குள் குட்டிகளோடு வேலி ஏறிப் போயே போய்விட்டது.

புருஷன் செத்துக் கிடக்க எவள் பேருந்து ஏறுவாள்? அடுப்படி வாசலில் சாய்ந்தேன். வாயைப் பிளந்து நாக்கைத் தொங்கவிட்டேன்.

தொமித்தீலா கூப்பாடு போட்டாள். எல்பிதியா வந்து குனிந்தாள். அவள் பின்னல் என் கன்னத்தில் உரசியது. அதற்காகவே இன்னொரு தரம் சாகலாம்.

"மூச்சு இருக்காக்கா?"

"இருக்கு. பூண்டு வாசனையோட இருக்கு."

"டாக்டரக் கூப்பிடட்டுமா?"

"வேணாம்டி. த்லாகுவாச்சே எதுக்குச் செத்துக் கெடக்கும்? பக்கத்துல நிக்கிறவங்க போகட்டும்னுதானே. நாம நின்னா அது எந்திரிக்காது. பாவம், நாம போனாத்தான் இவருக்கு உயிர் வரும்."

நியாயம்தான். ஒருவரை இருக்கவைக்க எந்தப் பிராணியும் செத்ததில்லை. மறுத்துச் சொல்ல வாயைத் திறக்க வேண்டும். வாயோ ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

வெயில் படாமல் என் முகத்தில் தொப்பியைக் கவிழ்த்தாள். காதருகே மெதுவாகச் சொன்னாள்: "மூணே நாளுங்க. புள்ளையப் பாத்துட்டு ஓடியாந்துருவேன்."

பெட்டியின் சக்கரங்கள் உருண்டன. தொமித்தீலா வழியனுப்பக் கூடவே போனாள். நாயும் போனது. தூரத்தில் பேருந்து ஊதியது. பிறகு கோழிகள் கிளறும் சத்தம் மட்டும்.

முதலில் என் காது ஆடியது. பிறகு தலை.

குளிர்பெட்டியைத் திறந்தேன். எனக்காகத் தமாலே செய்து அடுக்கியிருந்தாள். சோளமாவை மடலில் சுற்றி அவித்தது. என் கணக்கு வேளைக்கு ஒன்று, ஒரு நாளைக்கு மூன்று. அது அவளுக்கும் தெரியும். மூன்று நாளுக்கு ஒன்பது போதும்.

ஒன்றைச் சுடவைத்து, நின்றபடியே தின்றேன். மிச்சத்தை எண்ணினேன்.

ஐம்பத்தொன்பது.