ஈரத்தில் ஒற்றிய சால்வை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். நேற்று நீங்கள் தொலைபேசியில் என்னைத் திட்டும்போது பின்னாலிருந்து அவள் வார்த்தை வார்த்தையாக எடுத்துக் கொடுத்ததைக் கேட்டேன். அவளும் சௌக்கியம்தான் என்று தெரிந்துகொண்டேன்.

"ரிட்டயர் ஆன மனுஷனுக்கு இந்தப் பெயிண்டிங் எல்லாம் தேவையா மாப்பிளே?" என்று கேட்டீர்கள். தேவைதான் மச்சான். எழுத்திலேயே தருகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நடந்ததை என் வாயாலும் கேளுங்கள். வாட்டர்கலர் வகுப்பு டீச்சர், "ஆப்பிள் யார் வேணா போடலாம் சார், துணியைத் துணி மாதிரி போட்டுக் காட்டுங்க பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார். ரோஷம் வந்துவிட்டது. நாற்காலியில் சால்வை போர்த்திக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் படத்தை வகுப்புக் கண்காட்சிக்குத் தருவதாக எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். நாற்காலி மெத்தைக்குச் சொரசொரப்பு வேண்டும். ஈர வர்ணத்தில் உப்புத் தூவினால் அது தானாக வரும் என்றார்கள். தூவினேன், வந்தது. காய்ந்த பிறகு உப்பைத் தட்டி எடுத்தேன். நல்ல உப்பு, வீணாக்குவானேன் என்று டப்பாவிலேயே திரும்பப் போட்டுவிட்டேன். அன்று இரவு அவித்த உருளைக்கிழங்கில் நீலப் புள்ளிகள் இருந்தன. உங்கள் தங்கை தட்டை நகர்த்தி வைத்துவிட்டாள், நான் முழுதும் சாப்பிட்டேன், இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். அடுத்து, படத்துப் புடவையின் கோடுகளுக்கு அவள் சீப்பை எடுத்தேன். அதையும் பொறுத்துக்கொண்டாள். கடைசியில் சால்வை. பிரஷ்ஷால் எத்தனை முறை இழுத்தாலும் அது கம்பளியாக மாட்டேன் என்றது, தகரம் போலவே நின்றது. கொடியில் அசல் சால்வை தொங்கிக்கொண்டிருக்க, நான் ஏன் நகலுக்கு மல்லுக்கட்ட வேண்டும்? எடுத்து ஈர வர்ணத்தின் மேல் வைத்து நன்றாக அழுத்தி ஒற்றினேன். இழை இழையாக அப்படியே இறங்கியது மச்சான். கீழ்வீட்டுக்காரர் வந்து, துணிதான் ஒட்டியிருக்கிறது என்று விரலால் நெருடிப் பார்த்தார். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன பாராட்டு வேண்டும்?

அது அவள் பிறந்தநாளுக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த சால்வை. தெரியும். பழுப்பு வர்ணம் துவைத்தும் போகவில்லை. அதுவும் தெரியும். அவள் வாசற்படியில் நின்று, "உங்களுக்கு நான் வேணுமா, இந்தப் படம் வேணுமா? இப்பவே சொல்லுங்க" என்றாள். நான் ஒரு மூலையை இன்னும் அழுத்திப் பிடித்திருந்தேன், கை எடுத்தால் எல்லாம் நாசம். "கொஞ்சம் பொறு, காஞ்சதும் சொல்றேன்" என்றேன். இதில் என்ன தப்பு? பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். பிரஷ்ஷைக் கீழே வைக்க மாட்டேன். சமைப்பது, துவைப்பது எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன். வீடு அமைதியாக இருக்கிறது. அவள் அங்கேயே எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். அவசரமே இல்லை.

அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசிகளையும் சொல்லவும். உங்கள் ரத்தக்கொதிப்பு இறங்கட்டும்.

இப்படிக்கு,
தலைவணங்காத மைத்துனன்

பின்குறிப்பு: படத்தில் நாற்காலி, புடவை, சால்வை எல்லாம் முடிந்துவிட்டது. முகம் மட்டும் இல்லை. நாற்காலியில் இருப்பது உங்கள் தங்கைதான், சொன்னால் வெட்கப்பட்டு உட்கார மாட்டாள் என்று சொல்லாமல் வைத்திருந்தேன். மனசிலிருந்தே போட்டுவிடலாம் என்று தனித்தாளில் மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் மீசை எடுத்த நீங்கள்தான் வருகிறீர்கள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை, உருளைக்கிழங்கு வெள்ளையாக இருந்தும் இறங்கவில்லை. நாளைக் காலை முதல் வண்டிக்கே அவளை ஏற்றிவிடுங்கள். படம் காய்ந்துவிட்டது, அவள்தான் வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.