ஒரேசைஸ் அண்ணன் அளந்த தலைகள்

சமத்துவத்தைப் பற்றிப் பேசியவர்கள் நம் நாட்டில் ஏராளம். அதை இன்ச் டேப் வைத்து அளந்து பார்த்த ஒரே ஆள் எங்கள் ஒரேசைஸ் அண்ணன்தான்.

அவருடைய சொந்தப் பெயர் ஆதார் கார்டுக்கு மட்டும் தெரியும். இலுப்பூரில் நான் வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடையில் அவர் சீனியர் டிசைனர். பி.சி.ஏ. முடித்த கையோடு, உலகத்தை மாற்றியே தீருவது என்ற வேகத்தில், திருவரங்குளத்திலிருந்து பஸ் மாறிப் போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த வேலையை எனக்கு முன்னாலேயே ஒருத்தர் ஆரம்பித்துவிட்டார் என்பது முதல் நாளே தெரிந்துபோனது.

ஃப்ளெக்ஸில் தலைகளுக்கு என்று ஒரு சட்டம் உண்டு. தலைவர் தலை தண்ணீர் டிரம் அளவு. மாவட்டம் பூசணிக்காய். ஒன்றியம் தேங்காய். கிளை எலுமிச்சம்பழம். அதற்கும் கீழே 'இவண்' என்று ஒரு வரிசை கடுகு. ஃப்ளெக்ஸுக்காக வெயிலில் அலைந்து ஏணி ஏறிக் கட்டுவது எல்லாம் அந்தக் கடுகுகள்தான்.

அண்ணனுக்கு ஞானம் வந்தது ஒரு காதணி விழாவில். நான் சேருவதற்கு முன்னால் நடந்தது, அவரே சொன்னார். மொத்தம் நாற்பத்திரண்டு தலை. தாய்மாமன் ஆளுயரத்துக்கு நடந்து வருகிறார். காது குத்திக்கொள்ளப்போகிற குழந்தையோ கீழ் மூலையில் எலுமிச்சம்பழம். கயிறு கட்ட ஓட்டை போட்டபோது, அது சரியாகக் குழந்தையின் காதிலேயே விழுந்துவிட்டது. "ஆசாரி குத்துறதுக்கு முன்னாடி நாம குத்திட்டமே!" என்று கடையே சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையின் அம்மா அத்தனை தலைகளுக்கு நடுவே விரலால் தடவித் தடவிப் பிள்ளையைத் தேடியதை அவர் பார்த்துக்கொண்டிருந்தாராம். மறுநாள் கம்ப்யூட்டர் மேல் ஒரு பேப்பர் ஒட்டினார்: 'இங்கே எல்லாத் தலையும் ஒரே சைஸ்.'

நான் சேர்ந்த வாரமே ஒரு பிரமுகர் காரில் வந்து இறங்கினார்.

"என்னப்பா இது? என் தலையும் என் டிரைவர் தலையும் ஒரே மாதிரி இருக்கு?"

"நெஜத்துல எப்புடிண்ணே இருக்கு? செத்த இங்கிட்டு வாங்க" என்று அண்ணன் அவர் தலையைச் சுற்றி டேப்பை ஓட்டினார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டு அளந்தார். "டிரைவருக்கு ரெண்டு இன்ச் கூட வருதுண்ணே. ஒரே சைஸ்ல போட்டா ஒங்களுக்குத்தான் லாபம்."

பிரமுகர் போட்டிக் கடைக்குப் போனார். முதலாளி பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டார். இருந்தும் அண்ணனை ஏன் வெளியே அனுப்பவில்லை என்றால், வழுக்கைத் தலையில் முடி நட அவரை விட்டால் இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

நம் ஆட்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? "சரி, ஒரே சைஸ்லயே போடு. மொத வரிசையில போடு" என்றார்கள். அண்ணன் வரிசையை ஒழித்துவிட்டு வட்டமாகப் போட்டார். வட்டத்துக்கு முதல் ஏது, கடைசி ஏது? அன்று சாயங்காலமே போன் வந்தது. "என்னையப் பன்னெண்டு மணியில வையிப்பா. ஆறு மணியில வச்சா எவன் காலடியிலயோ கெடக்குற மாதிரி இருக்கு." அண்ணன் மூன்று நாள் யோசித்துவிட்டு, ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் ஃபேன் மோட்டார் மாட்டிச் சுற்றவிடலாம் என்றார். "ஆளுக்கு அஞ்சு நிமிசம் பன்னெண்டு மணி. என்ன தங்கச்சி சொல்றீங்க?"

எனக்கும் வாய் சும்மா இருக்காது. "எல்லாத் தலையையும் சரி பண்ணிட்டீங்கண்ணே. இதுல ஒரு பொம்பளத் தலை இருக்கா?"

அண்ணன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். அடுத்து வந்த கல்யாண ஃப்ளெக்ஸில் பெண்ணின் அம்மாவுக்கென்று ஒரு வட்டத்தைக் காலியாக விட்டு, உள்ளே 'போட்டோ தரப்படவில்லை' என்று அடித்துவிட்டார். பெண்ணின் அப்பா சண்டைக்கு வந்தார்.

"எங்க வீட்டுப் பொம்பளைய ரோட்டுல தொங்கவிடச் சொல்றியா?"

"நீங்க தொங்குறீங்களேண்ணே."

அரை மணி நேரத்தில் ரேஷன் கார்டு போட்டோவை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவே கடைக்கு வந்துவிட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், போன வாரம் செல்வி அக்கா வந்தார். பக்கத்துக் கிராமம். பெயர் சொல்ல மாட்டேன், அங்கே எனக்கு அத்தை வீடு இருக்கிறது. அக்கா ஊராட்சியில் தூய்மைக் காவலர், வீடு ஊருக்கு வெளியே காலனியில். மகள் மகேஸ்வரி ப்ளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க். நர்சிங் படிக்க வருகிற புதன்கிழமை ஹாஸ்டலுக்குக் கிளம்புகிறாள்.

"தெனம் காலையில ஊரு ஆர்ச்சுக்குக் கீழதான் கூட்டுறேன் தம்பி. மேல தொங்குற மொகமெல்லாம் எனக்கு மனப்பாடம். எம்புள்ள போறதுக்குள்ள ஒரு நா, அவ மொகத்தப் பாத்துக்கிட்டே கூட்டிப்புடணும். ஓரமா, சின்னதாப் போதும்."

'சின்னதா' என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே அண்ணன் டேப்போடு பைக்கில் பறந்துவிட்டார். ஆர்ச்சில் தொங்கியதிலேயே பெரிய தலை எதுவோ, அதை ஏணி வைத்து அளந்து வந்தார். நாலு அடி. மகேஸ்வரிக்கும் நாலு அடி.

நேற்று மத்தியானம் கட்டப் போனோம். செல்வி அக்காவும் மகேஸ்வரியும் கூடவே வந்து நின்றார்கள். ஏணியைச் சாத்தியதுமே வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர் வந்தார். அவருக்குக் கோபமே இல்லை. அதுதான் விசேஷம்.

"புள்ள நல்லாப் படிச்சிருக்கு. ரொம்ப சந்தோசம். அவங்க தெருப் பக்கம் கட்டிக்கிறட்டுமே."

"இங்கிட்டுக் கட்டத்தான்யா கேட்டாங்க."

"நாங்க யாரையும் வித்தியாசமாப் பாக்குறதில்ல தம்பி. எல்லாரும் சமம். அதனாலதான அவங்களுக்கும் தனியா ஒரு தெரு இருக்கு."

அண்ணன் டேப்பை நீட்டினார். "நீங்களே அளந்து பாருங்கய்யா. மேல இருக்குறதும் நாலடி, இதுவும் நாலடி."

பெரியவர் குனிந்து, பொறுமையாக, அளந்தே பார்த்தார். "சைஸு கரெக்ட்டா இருக்கு" என்றார். "எடந்தான் சரியில்ல."

அண்ணன் டேப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவருடைய டேப்பில் அதற்கு இன்ச் இல்லை.

செல்வி அக்கா ஃப்ளெக்ஸைச் சுருட்ட ஆரம்பித்தார். "விடுங்க தம்பி, வீட்டுச் செவத்துல மாட்டிக்கிறேன்."

"சுருட்டாதம்மா" என்றாள் மகேஸ்வரி. "மொகம் மடங்குது."

அண்ணன் திரும்பினார். "கம்பத்துல கட்டக் கூடாது, அம்புட்டுத்தானேய்யா?" என்று ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தார். "தங்கச்சி, அந்த முனையப் புடிங்க."

பிடித்தேன். ஆர்ச்சுக்குக் கீழே ரோட்டோரமாக நின்றோம். பெரியவர் எங்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். மனிதக் கம்பத்தைப் பற்றி ஊர்க்கூட்டத்தில் தீர்மானம் எதுவும் போடவில்லை போலிருக்கிறது. மூன்று மணி பஸ் டிரைவர் ஹார்ன் அடித்துக் கை காட்டினார். டீ வந்தது, குடிக்கக் கை இல்லாததால் அக்காதான் எங்கள் வாயருகே பிடித்தார். காற்று வேறு. அண்ணன் கட்டுமாவடிப் படகு மாதிரி ஆடினார்.

நாலரைக்கு அக்கா எதிர்ப்பக்கம் போய் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். "பாத்துட்டேன் தம்பி. கைய எறக்குங்க."

"இல்லக்கா. கூட்டும்போது பாக்கணும்னு சொன்னீங்கள்ல?" என்றார் அண்ணன். இருட்டிய பிறகுதான் கையை இறக்கினோம்.

இன்று காலை அண்ணன் போன் செய்தார். அந்த ஆர்ச்சில் தொங்கும் ஒரு தலைக்கும் அனுமதி கிடையாதாம். முறைப்படி அனுமதி வாங்கிக் கட்டினால், அங்கே சட்டப்படி தொங்கும் முதல் முகம் மகேஸ்வரியுடையதுதான். நாளை திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் மனு நாள். மனுவை டைப் செய்துவிட்டேன். "நாளைக்கு லீவு போட்டா ரெண்டு பேரும் நாளன்னைக்கும் வர வேணாம்" என்று முதலாளி சொல்லிவிட்டார். போகிறோம்.

எனக்கு ஒரே ஒரு பயம். அண்ணனை வரிசையில் நிற்கவிட்டால், பின்னால் வருகிறவர்களை எல்லாம் "நீங்க முன்னாடி போங்க" என்று அனுப்பிக்கொண்டே இருப்பார், புதன்கிழமை வந்துவிடும். அதனால் மனுவோடு நான் நிற்கப்போகிறேன். இப்படி அலைகிற நாளில் அவருக்குச் சாப்பாட்டு ஞாபகமும் வராது. அவருக்கும் சேர்த்து நாலு இட்லி கட்டச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். தக்காளிச் சட்னி என்றால்தான் ஒழுங்காகச் சாப்பிடுவார். அதையும் சொல்லிவிட்டேன்.