நாலாவது போல்ட்

"துளை நாலு இருக்கு. தட்டுல போல்ட் மூணுதான் இருக்கு. அப்ப ஒண்ணு எங்க?"

காரின் அடியில் படுத்துக்கொண்டு அவள் காரையே கேட்டாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் தையல் மெஷின் மட்டும் கடகடத்தது.

அப்பாவை விட மூத்த கார் அது. கல்யாண ஜோடிகளைப் படம் எடுக்கிறவர்கள் வாடகைக்குக் கேட்பார்கள். அன்று மாலை ஐந்து மணிக்கு ஒரு ஜோடி அதில் ஏறிச் சிரிக்க வேண்டும். பின்சக்கரத்தைச் சுழற்றும் நீளத் தண்டில் காலையிலிருந்து ஒரே சத்தம்.

"மெக்கானிக்கைக் கூப்பிடுறேன்மா" என்றார் அப்பா.

"அந்தாளு பத்தாவது ஃபெயில்ப்பா. நாலு வருஷம் நான் என்ன, பெஞ்சையா தேச்சேன்?"

குடும்பத்தின் முதல் பட்டதாரி, அதுவும் மெக்கானிக்கல். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவள் தண்டைக் கழற்றி, தேய்ந்த இணைப்பை மாற்றிவிட்டாள். திரும்ப மாட்டப்போனால் போல்ட் ஒன்று குறைகிறது.

சாக்கடையில் காந்தம் விட்டுத் துழாவினாள். செடித்தொட்டி மண்ணைக் கொட்டிப் பார்த்தாள்.

"என்னடி தேடுற?" ஜன்னலில் அம்மா.

"சொன்னா உனக்குப் புரியாதும்மா."

மூன்றில் ஒன்றை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரர் அதை உருட்டிப் பார்த்தார். "இது இஞ்ச் மரைம்மா. இப்ப எல்லாமே மில்லிமீட்டர். கிடைக்காது."

"கிட்டத்தட்ட இருக்கறதைக் குடுங்க."

"கிட்டத்தட்டன்னா ஏறாது."

"ஏத்துறேன்."

வீட்டுக்கு வந்து தண்டின் துளையில் மாட்டினாள். இரண்டு சுற்று ஏறி நின்றது. ஸ்பானரில் குழாயைச் செருகித் தொங்கினாள். நெம்புகோல் தத்துவம். 'டக்'கென்று போல்ட்டின் தலை கையோடு வந்தது. உடம்பு துளைக்குள்ளேயே தங்கிவிட்டது.

அப்பா போன் செய்தார். "ஏதாவது வேணுமாம்மா?"

"ஒண்ணும் வேணாம்ப்பா. எல்லாம் முடிஞ்சுபோச்சு."

பொய்யென்று சொல்ல முடியாது.

தண்டைத் தோளில் சுமந்துகொண்டு லேத் பட்டறைக்குப் போனாள். பட்டறைக்காரர் மாட்டிக்கொண்டதைக் குடைந்து எடுத்தார். துளை பெரிதாகிவிட்டது.

"மத்த மூணையும் இதே அளவுக்குக் குடைஞ்சிடுங்க."

"அது நல்லாத்தானேம்மா இருக்கு?"

"நாலும் ஒண்ணா இல்லேன்னா பேலன்ஸ் போயிடும். தண்டு ஆடும். வண்டி ஓடவே ஓடாது. நான் மெக்கானிக்கல்."

அவர் மூன்றையும் குடைந்தார்.

"இப்ப இதுக்கு போல்ட் குடுங்க."

"இந்த அளவுல எங்கயும் கிடையாது. புதுசா கடையணும். நாளன்னைக்கு வாங்க."

மணி நாலரை. காரின் பக்கத்தில் தண்டைப் போட்டுவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்தாள். காலையில் ஒரு போல்ட்தான் குறைந்தது. இப்போது இருக்கிற மூன்றும் அந்தத் துளைகளில் நிற்காது. நாலு வருடப் படிப்புக்கு ஒரே பகலில் இவ்வளவு செய்ய முடிந்திருக்கிறது.

"அம்மா, அப்பா வந்தா என்ன சொல்லுவேன்? அஞ்சு மணி வாடகை போச்சு. எல்லாம் இந்தத் தண்டோட நாலு போல்ட்டுல ஒண்ணைத் தொலைச்சதால."

மெஷின் நின்றது.

"எது, அந்த நாலாவதா? நீ காலேஜ் சேர்ந்த வருஷம் இந்த மெஷினோட கால் கழண்டப்ப, 'கார் மூணுலயே ஓடிக்கும்'னு உங்கப்பா அதைக் கழட்டி இதுல மாட்டிட்டாரேடி!"